டர்போவ மாத்த முன்ன ஒயில் ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க

தம்பி, நீங்க கேட்டத மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், இதே பிரச்சினை உள்ள மத்தவங்களுக்கும் வெளங்கணும்ல. கொட்டகலைல டொயோட்டா கேடிஎச் வேன், ஒன் கேடி 3 லீட்டர் டீசல் என்ஜின், காலைல ஸ்கூல் ஓட்டம், லீவு நாள்ல கொழும்பு ஹயர். டர்போ அமுக்கின காத்த ஆற வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸ கழட்டினா உள்ள ஒயில் தேங்கி நிக்குது, கினிகத்தேனை எறக்கம் முழுக்க எறங்கிட்டு கித்துல்கலை கிட்ட திரும்ப ஆக்சிலேட்டர மிதிச்சா பின்னால நீலப் புகை அடிக்குது, கராஜ்ல மெக்கானிக் பாஸ் பாத்துட்டு, என்ஜினுக்குள்ள காத்த அமுக்கி தள்ளுற டர்போ போச்சு, மாத்தணும்னுட்டாரு. மாத்தத்தான் வேணுமான்னு கேக்குறீங்க.

இப்ப மாத்தாதீங்க. டர்போ கெட்டுப் போயிருக்கலாம், இல்லேன்னு சொல்லல, ஆனா ஹோஸ்ல ஒயில் இருக்குங்கிறத மட்டும் வச்சி அந்த முடிவுக்கு வர முடியாது, ஏன்னா அந்த எடத்துக்கு ஒயில் வர்றதுக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் கடைசில ஒரே ஹோஸ்லதான் வந்து சேருது. இதுல எந்த வழின்னு தெரியாம புது டர்போவ போட்டா ரெண்டு மாசத்துல அதே ஹோஸ்ல அதே ஒயில் நிக்கும், அப்ப டர்போ டூப்ளிகேட்னு கடைக்காரரோட சண்டை புடிப்பீங்க.

மொதல் வழி பிரீதர். எந்த என்ஜினா இருந்தாலும் பிஸ்டன் ரிங்க தாண்டி கொஞ்சம் காஸ் கீழ ஒயில் தேங்குற சம்புக்குள்ள எறங்கும், புது என்ஜின்லயும் எறங்கும். அந்த காஸ் உள்ளயே அடைபட்டா சீல் எல்லாம் பிச்சிக்கிட்டு வரும், அதனால என்ஜினோட மேல் மூடி, ரொக்கர் கவர்ல இருந்து ஒரு ஹோஸ் வழியா அத எடுத்து எயார் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்கிற குழாய்ல விட்டிருக்காங்க, என்ஜின் அதையே திரும்ப மூச்சு இழுத்து எரிச்சிடும். அந்த காஸோட ஒயில் ஆவியும் மெல்லிசா வரும். அதனால ஓடின டீசல் வண்டி எதோட இன்டர்கூலர் ஹோஸ கழட்டி வெரல விட்டு தடவினாலும் கறுப்பா கொஞ்சம் பிசுபிசுக்கும், கவுத்தா ரெண்டு மூணு சொட்டு விழும், அதப் பாத்து யாரும் பயப்பட தேவையில்ல. கவுத்தா ஊத்துற அளவுக்கு, ஒரு கப்புல புடிக்கிற அளவுக்கு இருந்தா அதுக்கு காரணம் தேடணும்.

ரெண்டாவது வழிதான் டர்போ. நெறைய பேரு டர்போ ஷாஃப்ட்ல ரப்பர் ஒயில் சீல் இருக்கு, அது வெடிச்சா ஒயில் வருதுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல போற ஷாஃப்ட்ல ரப்பர் சீல் எங்க நிக்கும்? உள்ள இருக்கிறது பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன எஃகு வளையம் மட்டும்தான். ஒயில உள்ளயே நிறுத்தி வைக்கிறது ரெண்டு விசயம்: வெளிய காத்தோட அமுக்கம் இருக்கணும், உள்ள வந்த ஒயில் தடையில்லாம தானா கீழ சம்புக்கு வடியணும். இதுல ஒண்ணு கொழம்பினாலும் நல்ல டர்போவே ஒயில கக்கும். வடிகால் குழாய்ல கரி அடைச்சாலும் சரி, சம்புக்குள்ள காஸ் அமுக்கம் ஏறி வடிய விடாம எதுத்து நின்னாலும் சரி, எயார் ஃபில்டர் அடைச்சி டர்போவோட கம்ப்ரஸர் பக்கம், அதாவது காத்த உள்ள இழுக்குற பக்கம், உறிஞ்சல் கூடினாலும் சரி, ஒயில் பக்கவாட்டால தப்பிச்சி வெளிய வரும். அதாவது பிரீதர்ல ஒயில் கூடினதுக்கும் டர்போல ஒயில் கசியறதுக்கும் பல நேரம் ஒரே காரணம்தான், அது சம்புக்குள்ள ஏறின அமுக்கம்.

நீங்க சொன்ன எறக்கத்து புகையும் இதுல சேந்ததுதான். எறங்குறப்ப செகண்ட்லயோ தேர்ட்லயோ போட்டு என்ஜின் பிரேக்ல விடுறோம், சுத்து கூட இருக்கு, அதனால ஒயில் பிரஷர் நல்லா இருக்கு, ஆனா டர்போ பூஸ்ட், அதாவது அது அமுக்கி தள்ளுற காத்து, இல்ல. கம்ப்ரஸர் பக்கம் எதுத்து தள்ள காத்து இல்லாதப்ப ஒயில் மெதுவா கசிஞ்சி இன்டர்கூலர்ல சேருது, கீழ வந்து ஆக்சிலேட்டர அமத்தின ஒடனே பூஸ்ட் வந்து சேந்தத எல்லாம் ஒரே தள்ளா தள்ளி விடுது. ரொம்ப நேரம் ஐட்லிங்ல போட்டு வச்சாலும் இதே கதைதான், ஸ்கூல் வாசல்ல ஏசியும் போட்டு என்ஜின ஓட விட்டுட்டு நிக்கிறவங்க கவனிங்க. இந்த புகை டர்போல கசிவு இருக்கலாம்னு காட்டுதே தவிர, ஏன் கசியுதுன்னு சொல்லாது.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? காசு செலவில்லாத எடத்துல இருந்து. மொதல்ல டிப்ஸ்டிக். நம்ம பக்கம் இதுல பெரிய கோளாறு இருக்கு, வீட்டு வாசல் சரிவு, தோட்டத்து ரோடு சரிவு, கராஜ் வாசலும் சரிவு. சரிவுல நிறுத்தி டிப்ஸ்டிக்க இழுத்தா ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி பிழையா காட்டும், குறைவா காட்டினா, ஒடனே அரை லீட்டர் ஊத்துவாங்க, அடுத்த வாரம் இன்னொரு அரை லீட்டர். இப்பிடியே மேல் கோட்ட தாண்டினா அடியில சுத்துற கிரேங்க் ஷாஃப்ட் ஒயில்ல அடிச்சி நொரையாக்கி பிரீதர் வழியா அள்ளி வெளிய விடும். பெட்ரோல் செட் மாதிரி மட்டமான சிமெந்து தரைல நிறுத்தி, என்ஜின அணைச்சி பத்து நிமிஷம் விட்டு, தொடச்சி திரும்ப விட்டு பாருங்க. கோட்டுக்கு மேல இருந்தா வேற எதையும் தொட முன்ன அத எறக்குங்க. நீங்க ஊத்தாமலே மட்டம் ஏறியிருந்தா டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, டீசல் வாடை வந்தா ஒயில்ல டீசல் கலக்குது, இன்ஜெக்டர் பக்கமோ, டிபிஎஃப்னு சொல்ற புகைக்கரி ஃபில்டர் உள்ள வண்டியா இருந்தா அது புகைக்கரிய எரிக்கிற நேரத்துல அதிகப்படியா அடிக்கிற டீசலோ காரணம். தண்ணியா போன ஒயில் டர்போ பேரிங்குக்கு எமன்.

கூடவே எயார் ஃபில்டர். மாசி பங்குனி காயற காலத்துல தோட்டத்து ரோட்டு புழுதி, அது முடிஞ்சா மழையும் மூடுபனியும், ரெண்டும் சேந்து பேப்பர் ஃபில்டர்ல சேறு மாதிரி அப்பிடும். கராஜ் கம்ப்ரஸர்ல காத்து அடிச்சி தட்டி தட்டி அதையே திரும்ப போடுறத விடுங்க. கொழும்புல கடல் மட்டத்துல 1013 மில்லிபார் காத்தமுக்கம்னா நுவரெலியால, கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் ஒசரத்துல, சுமாரா 810தான் இருக்கு, அஞ்சுல ஒரு பங்கு காத்து ஏற்கனவே கொறைவு. அதுக்காக டர்போ இன்னும் வேகமா சுத்தித்தான் சமாளிக்குது, அதுல ஃபில்டரும் அடைச்சா உறிஞ்சல் கூடி பிரீதர்ல இருந்தும் டர்போல இருந்தும் ஒயில இழுக்கும். புது ஃபில்டர் போட்டதே மருந்தா போன வண்டிகளும் உண்டு.

இதுக்கு அப்புறம்தான் முக்கியமான வேலை. ஃபில்டர்ல இருந்து டர்போ வாய் வரைக்கும் உள்ள குழாய், டர்போல இருந்து இன்டர்கூலர், அங்க இருந்து என்ஜின் வரைக்கும் உள்ள ஹோஸ், எல்லாத்தையும் கழட்டி சுத்தமா தொடைங்க. இன்டர்கூலர கவுத்து வடிய விட்டு மண்ணெண்ணெய் ஊத்தி குலுக்கி கழுவலாம், ஆனா நல்லா காத்தடிச்சி, ஒரு ராத்திரி வச்சி, காஞ்சத பாத்துத்தான் பூட்டணும். உள்ள மண்ணெண்ணெய் நின்னா என்ஜின் அத இழுத்து எரிச்சி கட்டுப்பாடில்லாம சுத்து ஏறிடும். கழுவாம சோதிக்கிறதுல அர்த்தமே இல்ல, பழைய ஒயில் இன்டர்கூலர்ல இருந்து வாரக்கணக்கா வந்துக்கிட்டே இருக்கும், நீங்க புது கசிவுன்னு நெனப்பீங்க.

சுத்தம் பண்ணி ஒரு வாரம் வழமையா ஓட்டுங்க, ஏத்தம் எறக்கம் ரெண்டும் இருக்கட்டும். திரும்ப கழட்டி, வெள்ளைத் துணிய வெரல்ல சுத்தி ஃபில்டர் பக்கத்துல இருந்து தடவிக்கிட்டே வாங்க. பிரீதர் ஹோஸ் வந்து சேர்ற எடத்துக்கு முன்ன காஞ்சி இருக்கணும். அந்த எடத்துல இருந்து டர்போ வாய் வரைக்கும் நனைஞ்சி, கம்ப்ரஸர் வீல்லயும் ஒயில் அப்பியிருந்தா ஒயில் வர்றது பிரீதர் வழியா, டர்போ அத வெறுமனே கடத்தி விடுது. வாய் வரைக்கும் காஞ்சி, டர்போவுக்கு அப்புறம் உள்ள குழாய் மட்டும் நனைஞ்சிருந்தா அப்ப டர்போதான் கசியுது. ரெண்டு பக்கமும் ஈரம்னா பிரீதர மொதல்ல பாருங்க, ஏன்னா மேல சொன்ன மாதிரி பிரீதர்ல கூடுற அமுக்கமே டர்போவையும் கசிய வைக்கும்.

இன்னும் சந்தேகமா இருந்தா பிரீதர் ஹோஸ குழாய்ல இருந்து கழட்டி ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள விடுங்க, போத்தல் மூடில காத்து போக ஓட்டை இருக்கணும், குழாய்ல திறந்த வாய நல்லா அடைக்கணும், இல்லேன்னா புழுதி நேரா டர்போக்குள்ள போயிடும். ஹட்டன் போய் வாங்க. போத்தல்ல ஒயில் சேந்து டர்போவுக்கு அப்புறம் காஞ்சி இருந்தா பதில் கெடச்சிருச்சு. ஆனா இத சோதனைக்கு மட்டும் பண்ணுங்க. கேடிஎச்ல என்ஜின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு, பிரீதர அப்பிடியே திறந்து விட்டா அந்த காஸ் உள்ள வரும், பிள்ளைங்க ஒக்காந்து வர்ற வண்டி.

அடுத்தது சம்புக்குள்ள அமுக்கம் எவ்வளவுன்னு பாக்குறது. என்ஜின் நல்லா சூடானதும் ஐட்லிங்ல விட்டுட்டு ஒயில் ஊத்துற மூடிய திறந்து அது மேலயே கவுத்து வைங்க. லேசா ஆவி வந்தா பரவால்ல. கொதிக்கிற கேத்தல் வாய் மாதிரி புசு புசுன்னு புகை வந்து மூடி துள்ளி விழுந்தா, இல்ல டிப்ஸ்டிக் தானா மேல எழும்பினா, காஸ் அதிகம். இதவிட திருத்தமா பாக்கணும்னா கண்ணாடி மாதிரி தெரியிற பிளாஸ்டிக் டியூப் ஒண்ண யூ மாதிரி வளைச்சி அளக்குற அடிமட்டம் (ஸ்கேல்) பக்கத்துல டேப்ல ஒட்டி, பாதிக்கு சாயத்தண்ணி ஊத்தி, ஒரு முனைய டிப்ஸ்டிக் ஓட்டைல காத்து போகாம சொருகுங்க. பிரீதர் பூட்டியபடி இருக்க, நல்ல என்ஜின்ல ஐட்லிங்ல ரெண்டு பக்கத் தண்ணியும் கிட்டத்தட்ட சமமா நிக்கும், சிலதுல என்ஜின் பக்கம் கொஞ்சம் இழுபடும். மெதுவா ரேஸ் குடுக்குறப்ப வெளிப்பக்க தண்ணி விடாம ஏறிக்கிட்டே போனா உள்ள அமுக்கம் இருக்கு. ஒயில் ஊத்துற வாய்ல ரப்பர் கிளவ்ஸ மாட்டி ஊதுதான்னு பாக்குறதவிட இந்த டியூப் வேலை நம்பகமானது, செலவு ஒரு தேத்தண்ணி காசு.

அமுக்கம் இருந்தா ஒடனே ரிங் போச்சு, என்ஜின எறக்கணும்னு வேற ஒருத்தர் கெளம்புவாரு. அங்கயும் பொறுங்க. மொதல்ல ரொக்கர் கவர்ல ஒயில பிரிக்கிற தட்டும் பிரீதர் ஹோஸும் கரியால அடைச்சிருக்கான்னு பாருங்க, மழைக்கால குளிர்ல கிட்ட கிட்ட ஓடுற வண்டில தண்ணி ஆவி ஒயிலோட கலந்து மூடிக்கு அடியில வெண்ணெய் நெறத்துல கூழா ஒட்டும், அதுவும் அடைக்கும். அந்த கூழ பாத்தே ஹெட் கேஸ்கட் போச்சுன்னு பயமுறுத்துவாங்க, ரேடியேட்டர்ல தண்ணி கொறையாம இருந்தா அநேகமா அது வெறும் குளிர்தான், வண்டிய நல்லா சூடாகுற மாதிரி நீள ஓட்டம் ஒண்ணு போய் வந்தா கரைஞ்சிடும்.

அப்புறம் ஒன் கேடிக்குன்னே உள்ள வியாதி ஒண்ணு இருக்கு, இத கட்டாயம் பாக்கணும். இந்த என்ஜின்ல இன்ஜெக்டருக்கு அடியில செம்பு வொஷர் இருக்கு, அது தேஞ்சி விட்டா சிலிண்டர்ல வெடிக்கிற காஸ் இன்ஜெக்டர் ஓரமா மேல வந்து ரொக்கர் கவருக்குள்ளயே எறங்குது. ரிங் தேஞ்ச என்ஜின் மாதிரியே மூடில புகை வரும், சம்ப் அமுக்கம் ஏறும், பிரீதர் ஒயில் தள்ளும், ஆனா ரிங் நல்லாத்தான் இருக்கும். மூடி வழியா டோர்ச் அடிச்சி பாத்தா உள்ள ஒயில் நெறம் தெரியாம தார் மாதிரி கெட்டி கறுப்பு, காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப சுக்கு சுக்குன்னு ஒரு சத்தம், இதெல்லாம் அறிகுறி. இதோட கேடு அங்க முடியிறதில்ல. அந்தக் கரி சம்புல எறங்கி ஒயில் பம்ப் உறிஞ்சுற வலைய அடைக்குது, ஒயில் பத்தாம டர்போ பேரிங் தேயுது. அதாவது இன்ஜெக்டர் வொஷர் போனதால டர்போ போகும், டர்போவ மட்டும் மாத்தினா புதுசும் அதே வழில போகும். அதனால வொஷர் மாத்துறப்ப சம்ப எறக்கி வலையயும் கழுவ சொல்லுங்க, கூலி கூடுதுன்னு அத விட்டா பாதி வேலைதான் நடந்த மாதிரி.

இன்னொண்ணு, நெறைய டீசல் வண்டில பிரேக் வெக்யூம் பம்ப் இழுக்குற காத்த என்ஜின் உள்ளதான் விடுது. பிரேக் பூஸ்டர்லயோ அதோட ஹோஸ்லயோ கசிவு இருந்தா பம்ப் ஓயாம காத்த இழுத்து சம்புக்குள்ள தள்ளும். பிரேக் பெடல் கொஞ்சம் கட்டியா இருக்குன்னா அதையும் பாருங்க, நம்ம ரோட்டுல அது ஒயில விட அவசரம்.

இதெல்லாம் சரியா இருந்து அமுக்கம் மட்டும் இருந்தா டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் போட்டு நாலு சிலிண்டரையும் அளந்து பாக்கணும். பெட்ரோல் என்ஜினுக்கு உள்ள கேஜ் இதுக்கு தாங்காது. ஒரு சிலிண்டர் மட்டும் மத்ததவிட நல்லா எறங்கி இருந்தா அப்ப ரிங் கதைய பேசலாம்.

இப்ப டர்போவுக்கு வாங்க. அமுக்கம் இல்ல, டர்போவுக்கு அப்புறம் மட்டும்தான் ஈரம்னா மொதல்ல வடிகால் குழாய கழட்டி ஊதி பாருங்க. யாராவது முன்ன கழட்டியிருந்தா அந்த ஃபிளான்ஜ்ல கேஸ்கட்டுக்கு பதிலா சிலிகன் பூசியிருப்பாங்க, நசுங்கி உள்ள தள்ளின சிலிகன் பாதி வாய அடைச்சிட்டு நிக்கும். சுரண்டி எடுத்து ஒரிஜினல் கேஸ்கட் போட்டா போதும். அதுவும் சுத்தமா இருந்தா குளிர்ந்த என்ஜின்ல ஃபில்டர் பக்க குழாய கழட்டி ஷாஃப்ட் முனைய ரெண்டு வெரலால புடிங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும், அது இயல்பு, ஓடுறப்ப ஒயில் படலம் அந்த எடைவெளிய நெரப்பிடும். ஆட்டி பிடிச்சிக்கிட்டே சுத்துனா வீல் சுவர்ல உரசுதா, சுவர்ல கீறல் பளபளக்குதா, இறக்கையோட நுனி மழுங்கியிருக்கான்னு பாருங்க. முன்ன பின்ன இழுத்து தள்ளினா கைக்கு தெரியுற ஆட்டமே இருக்கக் கூடாது. உரசினாலோ முன்ன பின்ன ஆடினாலோ பாஸ் சொன்னது சரி, டர்போவ மாத்த வேண்டியதுதான்.

அந்த முடிவுக்கு வந்தா கொழும்புல பழைய சாமான் கடைங்க உள்ள பஞ்சிகாவத்தைல பழைய ஜப்பான் டர்போ கெடைக்கும். 2020ல நிப்பாட்டின வாகன இறக்குமதிய 2025லதான் திரும்ப விட்டாங்க, அது வரைக்கும் எல்லாரும் இருக்கிற வண்டியவே இழுத்துக்கிட்டு ஓடினதால பழைய சாமானுக்கும் கிராக்கி ஏறிச்சு. வாங்குறப்ப மேல சொன்ன வெரல் சோதனைய கடைல வச்சே பண்ணுங்க, எக்ஸோஸ்ட் பக்க வாய்ல ஈரக்கரி இருந்தா வேணாம். ஒன் கேடி டர்போல உள்ள இறக்கைய அசைக்க மோட்டர் இருக்கு, அதுவும் சேந்து வேலை செய்யுதான்னு ஸ்கேனர்ல பாக்கணும். உங்க டர்போவுக்கு நடுப்பகுதி மட்டும் மாத்தி பேலன்ஸ் பண்ணி குடுக்கிற எடம் கெடச்சா அதுவும் நல்லது, பேலன்ஸ் பண்ற மெஷின் இல்லாத எடத்துல குடுக்காதீங்க.

சிலர் பிரீதர் ஹோஸ் நடுவுல ஒயில் புடிக்கிற டப்பா ஒண்ணு வைக்கலாமான்னு கேப்பாங்க. நல்ல என்ஜின்ல வைக்கலாம், இஜிஆர் வழியா திரும்ப உள்ள வர்ற புகையோட கரியும் ஒயிலும் சேந்து, காத்து உள்ள போற மேனிஃபோல்ட்ல தாரா கட்டுறத கொறைக்கும். உள்ள அமுக்கம் ஏறின என்ஜின்ல வச்சா நோய மறைக்கும், டப்பா நெறஞ்சி வழியும், ஹோஸ் சின்னதா இருந்தா அமுக்கத்த இன்னும் கூட்டும். இப்ப உங்களுக்கு வேணாம்.

ஒரு விசயம் மட்டும் தள்ளிப் போடாம இன்னைக்கே பண்ணுங்க, இன்டர்கூலர்ல தேங்கின ஒயில வடிச்சி எடுங்க. டீசல் என்ஜினுக்கு ஒயிலும் எரிபொருள்தான். ஒரேயடியா நெறைய உள்ள போனா சாவிய அணைச்சாலும் அணையாது, சொந்த ஒயிலயே எரிச்சிக்கிட்டு சுத்து ஏறிக்கிட்டே போகும், வெள்ளைப் புகையில ரோடே தெரியாது. அப்பிடி ஆனா கியர்பொக்ஸ் மேனுவலா இருந்தா டொப் கியர போட்டு பிரேக்க முழுசா மிதிச்சிக்கிட்டு கிளட்ச விட்டு என்ஜின மடக்கணும். ஓட்டோ கியரா இருந்தா பிரேக்ல நிறுத்தி, பிள்ளைங்கள எறக்கி தூரமா அனுப்புங்க. காத்து போற வாய பலகையாலயோ கெட்டியா சுருட்டின சாக்காலயோ அடைக்கலாம், கைய மட்டும் வச்சிடாதீங்க, ஆனா சுத்து ஏறின என்ஜின் வெடிச்சி துண்டு துண்டா பறக்கலாம், கிட்ட போக பயமா இருந்தா போகவே வேணாம்.

அடுத்த எமிஷன் டெஸ்டுக்கு முன்ன முடிக்கணும்னா இந்த வாரமே கழுவுறதுல இருந்து தொடங்குங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு துணில ஈரம் எந்த எடத்துல ஆரம்பிச்சிச்சு, டியூப்ல தண்ணி எவ்வளவு ஏறிச்சு, மூடிக்கு உள்ள என்ன நெறம், இந்த மூணையும் எழுதுங்க, அதுக்கு அப்புறம் எத கழட்டுறதுன்னு பேசுவோம்.